ஒரு டி-55, நான்கு வெள்ளை

சரிசெய்ய என்னிடம் வந்த இந்தக் கேஸில் பொருள், தமியா கம்பெனியின் 1/35 அளவு பிளாஸ்டிக் மாடல், டி-55ஏ டாங்கி. பாகங்களாக வாங்கி நாமே ஒட்டிக் கட்டும் கிட்; 2002இல் வந்தது. இருபது வருடம் தாண்டியும் ஆட்கள் இதைத் தேடி வாங்குவதற்குக் காரணம், பாகங்கள் அடம்பிடிக்காமல் உட்காரும். கட்டியவன் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைப் பையன்; கோயமுத்தூரில் டிப்ளமா படிக்கிறான். யாருக்காகக் கட்டினான் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதித் தீர்ப்பு அவர் சொன்னதுதான். பையனுடைய அப்பாரு, அதாவது தாத்தா, ராணுவத்தில் டாங்கி டிரைவராக இருந்தவர். ஓட்டிய வண்டி டி-55.

புகார் ஒன்றே ஒன்று. கடைசிக் கோட்டாக மேட் கிளியர், அதாவது பளபளப்பில்லாத நிறமற்ற பூச்சு, அடித்தான். மறுநாள் காலையில் பார்த்தால் ஆலிவ் பச்சை டாங்கி வெளுத்துக் கிடந்தது. “அண்ணா, மேலேயே இன்னொரு கோட்டு பச்சை அடிச்சா மறைஞ்சிரும்ல?” என்று கேட்டான். மறையும். ஆனால் அதற்கு மேல் மறுபடி மேட் அடிக்க வேண்டும், அதுவும் வெளுக்கும். தவிர, ஒவ்வொரு கோட்டுக்கும் வெல்டிங் தழும்பும் போல்ட் தலையும் கொஞ்சம் கொஞ்சமாகப் புதைந்துகொண்டே போகும். நிஜ வண்டியில் ஒரு சென்டிமீட்டர் உயரமுள்ள போல்ட் தலை, 1/35இல் 0.3 மில்லிமீட்டர்கூட வராது. அதன் மேல் எத்தனை கோட்டுதான் போட முடியும்?

கட்டிய விதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. மாடலின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை லேசாகக் கரைத்து ஒன்றோடொன்று உருக்கிச் சேர்க்கும் சிமென்ட்டைத்தான் பயன்படுத்தியிருந்தான். இணைப்புக் கோடுகளைத் தேய்த்து எடுத்திருந்தான். நிறமும் நன்றாகவே வந்திருந்தது: அடியில் தமியாவின் எக்ஸ்எஃப்-62 ஆலிவ் டிராப் பச்சை, மேல்பக்கங்களில் அதிலேயே பஃப் என்ற வெளிர் மணல் நிறம் கொஞ்சம் கலந்து வெளிறவிட்டது. சின்ன மாடலுக்கு நிஜ வண்டியின் நிறத்தையே அப்படியே அடித்தால் இருட்டாகத் தெரியும். இந்த விஷயம் பையனுக்குத் தெரிந்திருந்தது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில், தண்ணீரில் நனைத்து மாடல் மேல் ஒட்டும் டெக்கல் தாள் போட்டு வண்டி நம்பரை அச்சடித்து, நேரே மேட் பெயிண்ட் மேலேயே ஒட்டியிருந்தான். அப்புறம் டர்பன்டைனில் கரைத்த ஆயில் வாஷ், இடுக்குகளில் ஓடி நிற்கும் நீர்த்த பெயிண்ட். அதற்கு மேல் ஹார்டுவேர் கடையில் வாங்கிய மேட் லாக்கர் ஸ்பிரே. அது காய்ந்த பிறகு சர்ச்லைட் முகத்துக்குப் பளபளப்புக் கறுப்பு, உடைந்துபோன கைப்பிடிகளுக்குச் சூப்பர் குளூ, சக்கரங்களுக்கு மண். இந்த வரிசையை அவனிடம் இரண்டு தரம் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். வெளுப்புக் கேஸில் எந்தக் கோட்டு எதற்குப் பிறகு வந்தது என்று தெரியாமல் எதையும் தொடக் கூடாது.

லென்ஸ் வைத்து

டாங்கியை மேஜையில் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து லென்ஸில் பார்த்தேன். வெள்ளை என்று பையன் மொத்தமாகச் சொன்னது எல்லா இடத்திலும் ஒரே வெள்ளையாக இல்லை. டரட் (பீரங்கி பொருத்திய சுழலும் கூண்டு) கூரை, என்ஜின் மேல்தளம், முன்சரிவு மூன்றிலும் பால் கலந்த மாதிரி மெல்லிய படலம். ஃபெண்டருக்கு அடியில் அது இல்லை. நம்பர் ஒட்டிய இடத்தில் வெள்ளை கட்டம் கட்டி நின்றது; டெக்கல் ஓரத்தைத் தாண்டி ஒரு மயிரிழைகூட வெளியே வரவில்லை. டரட் கைப்பிடிகளைச் சுற்றியும் சர்ச்லைட்டிலும் பொடிப்பொடியாக வேறொரு வெள்ளை. கீழே சக்கரங்களில், காய்ந்த மண்ணுக்குள் புள்ளிபுள்ளியாக இன்னொன்று.

நான்குக்கும் ஒரே மருந்து கிடையாது. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றைக் கெடுத்துவிடும் என்பதுதான் இந்தக் கேஸின் சிக்கல்.

மேல்தளப் படலத்திலிருந்து தொடங்கினேன். மேட் கிளியர் வெளுப்பதற்கு இரண்டு காரணங்கள் சாதாரணம். ஒன்று, பளபளப்பைக் கொல்வதற்காக அதில் கலந்திருக்கும் சிலிக்காப் பொடி. டப்பாவைச் சரியாகக் குலுக்காமலோ, ஒரே இடத்தில் கனமாகவோ அடித்தால் அந்தப் பொடி திரண்டு மேலே உட்கார்ந்துவிடும். இன்னொன்று ஈரம். லாக்கரில் இருக்கும் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. பரப்பு குளிர்கிறது, காற்றிலிருக்கும் ஈரம் காய்ந்தும் காயாமலும் இருக்கும் படலத்தில் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது. பிறகு தண்ணீர் போய்விடும், ஆனால் அது விட்டுப்போன நுண்ணிய ஓட்டைகள் வெளிச்சத்தைச் சிதறடித்து வெள்ளையாகக் காட்டும். ஸ்பிரே டப்பாவில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அடிக்க அடிக்க டப்பாவே குளிர்ந்துபோகிறது.

எந்த நேரத்தில் அடித்தான் என்று கேட்டேன். ஆடி மாசம், ராத்திரி, மழை விட்ட பிறகு, கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி. காரணமும் வைத்திருந்தான். பாலக்காட்டுக் கணவாய்க்குள் இருக்கிறவர்களுக்கு ஆனி, ஆடிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் வாசல் இது. மேற்கிலிருந்து வரும் பருவக்காற்று முழுக்க இதில் நுழைந்துதான் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிறது. பகலில் வெளியே வைத்துப் பெயிண்ட் அடித்தால் தூசியும் தென்னம்பூவும் வந்து ஒட்டும். அதனால் காற்று தணியட்டும் என்று ராத்திரி வரை காத்திருந்திருக்கிறான். தூசிக்கு அது சரியான யோசனைதான். ஈரத்துக்கு நேர் எதிர்.

கணக்குப் பார்த்தால் புரியும். வெப்பம் 28 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்றால் பனி படியும் வெப்பநிலை ஏறக்குறைய 25 டிகிரி. அதாவது பரப்பு மூன்று டிகிரி குளிர்ந்தாலே போதும், தண்ணீர் படிந்துவிடும். அதே வீட்டில் கோடையில் ஒரு மதியம், 32 டிகிரி, 45 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு பதிமூன்று டிகிரிக்கு மேல் குளிர்ந்தால்தான் ஈரம் படியும். லாக்கர் ஸ்பிரே அவ்வளவு குளிர்விக்காது.

இதை நான் மட்டும் சொன்னால் பையன் நம்பியிருப்பானோ என்னவோ. பக்கத்துச் சித்தூரில் மரச்சாமான்களுக்கு என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் அடிக்கும் பாலிஷ்காரர் ஒருவரிடம் டாங்கியைக் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன். அவர் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லையாம். “மழக்காலத்துல அடிச்சா பூக்கத்தான் செய்யும், ரிடார்டர் விட்டியா?” என்று கேட்டுவிட்டுக் கட்டில் காலைத் தேய்க்கப் போய்விட்டார். ரிடார்டர் என்பது லாக்கர் மெதுவாகக் காயக் கலக்கும் திரவம். மாடல் கட்டுகிறவர்கள் வெளிநாட்டு வீடியோக்களில் தேடுவதைப் பக்கத்துத் தெரு மரவேலைக்காரர் முப்பது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார்.

இருந்தாலும் சோதிக்காமல் இறங்கவில்லை. டி-55இன் பின்சுவரில் சேற்றில் சிக்கினால் போட்டு ஏறுவதற்கு ஒரு மரக்கட்டை கட்டியிருக்கும். அந்தக் கட்டை மறைக்கும் இடத்தில் முதலில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். வெள்ளை மறைந்து பச்சை தெரிந்தது. காய்ந்ததும் திரும்பி வந்தது. பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே இருக்கும் படலத்தில்தான் கோளாறு என்று இதிலிருந்து தெரியும். ஆனால் அது சிலிக்காவா ஈரமா என்பது தெரியாது; இரண்டுமே நனைந்தால் மறையும். அடுத்து மெல்லிய பிரஷ் நுனியில் ரிடார்டர் கலந்த லாக்கர் தின்னரைத் தொட்டு வைத்தேன். படலம் இளகி, மெதுவாகக் காய்ந்து, தெளிவாகவே நின்றது. சிலிக்கா திரண்டதாக இருந்தால் காய்ந்ததும் பொடி அங்கேயே கிடந்திருக்கும். ஆக, ஈரம்.

கைரேகை

மூன்றாவது வெள்ளைக்கு இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கவில்லை. டி-55 டரட்டில் பீரங்கிக்கு வலப்பக்கம் அகச்சிவப்பு சர்ச்லைட் ஒன்று இருக்கும். மாடலில் அதன் முகம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் விட்டம்தான். பையன் அதற்குக் கறுப்பு பளபளப்பாக அடித்திருந்தான். அந்தக் கறுப்பு வட்டத்தில் லென்ஸை வைத்தால், வளைந்து வளைந்து போகும் வெள்ளைக் கோடுகள், இடையில் ஒரு சின்ன வெட்டுத் தழும்பு. அவனுடைய கட்டைவிரல் ரேகை! கையை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். பிளேடு பட்ட தழும்பு அதே இடத்தில் இருந்தது.

சூப்பர் குளூ ஒட்டும்போது கொஞ்சம் ஆவியாகவும் வெளியேறும். அந்த ஆவி பக்கத்தில் எங்காவது உட்கார்ந்து ஈரத்தோடு சேர்ந்து வெள்ளையாக இறுகும். வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில் நன்றாகவே பிடிக்கும். குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் பொருளைப் பெட்டிக்குள் வைத்து இதே பசையின் ஆவியைக் காட்டித்தான் தடயவியல் ஆட்கள் மறைந்திருக்கும் கைரேகையை எடுக்கிறார்கள். பையன் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்: கைப்பிடிகளை ஒட்டி முடித்த கையோடு, தூசி படக் கூடாதென்று டாங்கியைப் பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடிவிட்டான். ஆவி போக வழியில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. சூப்பர் குளூவை எடுக்க அசிட்டோன் என்று எல்லோரும் சொல்வார்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் பாட்டிலோடு பையனும் தயாராகத்தான் இருந்தான். அசிட்டோன் பாலிஸ்டைரீனையே கரைக்கும். வெள்ளை போகும், கூடவே டரட்டும் போகும். மெல்லிய பல் துலக்கும் பிரஷ்ஷால் பொடியைத் தட்டி எடுத்தோம், சர்ச்லைட் முகத்துக்கு மட்டும் மறுபடி கறுப்பு வைத்தோம். அவ்வளவுதான்.

மண்ணில் இருந்த வெள்ளைக்கு எலுமிச்சம்பழம் போதுமானதாக இருந்தது. கேரளத்தில் கரிசல் மண் என்றால் அது சித்தூர் தாலுகாவில்தான். பையன் வீட்டுத் தோட்டத்திலிருந்தே எடுத்து, சலித்து, ஃபெவிகால் தண்ணீரில் குழைத்துப் பூசியிருந்தான். இந்தக் கரிசலில் சுண்ணாம்பு உண்டு. ஒரு வெள்ளைப் புள்ளியைப் பெயர்த்துக் கண்ணாடித் துண்டில் வைத்து ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நுரை கிளம்பியது. தோட்டத்து மண்ணை மாடலில் போடுவதே எனக்குப் பிடிக்காது, வெள்ளை இருந்தாலும் இல்லாவிட்டாலும். சல்லடையைத் தாண்டிய அரை மில்லிமீட்டர் மணல்கூட 1/35இல் பதினேழு மில்லிமீட்டர் ஜல்லியாகத் தெரியும். வண்ணப் பொடிதான் சரி.

டர்பன்டைனும் உடைந்த அச்சும்

வெள்ளையோடு சம்பந்தமில்லாத முறிவு ஒன்றும் இருந்தது. இடப்பக்கம் முன்னால் உள்ள ஐட்லர் (செயினைத் திருப்பிவிடும்) சக்கரத்தின் அச்சு வேரோடு ஒடிந்திருந்தது. கீழே போட்டுவிட்டதாகப் பையனுடைய அம்மா தங்கச்சியைத் திட்டியிருக்கிறார். பாவம், அந்தப் பிள்ளைக்கு இதில் பங்கில்லை. முறிந்த முகம் லென்ஸில் சுத்தமாக, வழுவழுவென்று இருந்தது. அடிபட்டு ஒடிந்திருந்தால் பிளாஸ்டிக் இழுபட்டு ஓரம் வெளுத்திருக்கும்.

நடந்தது இதுதான். கிட்டில் வரும் செயின், வளையக்கூடிய ஒரே நீளப் பட்டை. அது சக்கரங்களை இறுக்கிப் பிடித்து, முன்னால் ஐட்லரையும் பின்னால் ஸ்பிராக்கெட் என்ற பல் சக்கரத்தையும் உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படி எப்போதும் இழுபட்டு நிற்கும் பாலிஸ்டைரீனில் டர்பன்டைன் ஊறினால் விரிசல் விடும். வாஷ் அச்சின் வேரில் தேங்கி நின்றிருக்கிறது, இழுப்பு மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. மாடல் கட்டுகிறவர்களுக்கு இது பழைய தலைவலி. செயின் மாட்டுவதற்கு முன்னாலேயே சக்கரங்களுக்கு வாஷ் போட்டுக் காயவிட்டால் வராது.

அச்சின் இரண்டு பக்கமும் கைத் துளைப்பானால் 0.8 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, பித்தளைக் கம்பித் துண்டைச் செருகி ஒட்டினோம். ஒட்டும்போதே செயினையும் தளர்த்திவிட்டோம். அதற்குக் காரணம் அப்பாரு.

அப்பாரு பார்த்தது

டாங்கி இன்னும் பாதி வெள்ளையாக இருக்கும்போதே பெரியவரிடம் காட்டலாம் என்று நான்தான் சொன்னேன். பையனுக்குச் சங்கடம். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானே சொன்னதும், “அது கெடக்குது தம்பி, தூசி படாத டாங்கி எங்க இருக்குது?” என்றார். பிறகு பீரங்கியின் நடுவில் விரலை வைத்தார்.

“இங்க ஒரு குண்டு இருக்கோணும். அது எங்க?”

இது கிட்டில் இல்லாத பாகம். டி-55இன் 100 மில்லிமீட்டர் பீரங்கிக்கு, சுட்ட புகை டரட்டுக்குள் வராமல் இழுத்து வெளியேற்றும் உருளை குழாயின் முனையில்தான் இருக்கும். ஆனால் 1971 டிசம்பர் போரில் ஜம்முப் பக்கம் சம்ப் போன்ற இடங்களில் இந்தியாவின் டி-54, டி-55களுக்கு எதிரே வந்து நின்றவை பாகிஸ்தானின் டைப் 59கள். அவை சோவியத் டி-54ஏயைப் பார்த்துச் சீனா செய்தவை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஐந்து ரோட் வீல்கள் (தரையில் வண்டியைத் தாங்கும் சக்கரங்கள்), முதல் சக்கரத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் அகல இடைவெளி, கவிழ்த்த சட்டி டரட். நம் ஆட்களே நம் வண்டியைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக இந்திய வண்டிகளின் பீரங்கி நடுவில் ஒரு போலி உருளையை மாட்டினார்கள்; பெரியவர் கேட்ட குண்டு அதுதான். புகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அடையாளத்துக்கு மட்டும். பெரியவருக்கு அது இல்லாத வண்டி எதிரி வண்டி.

மாஸ்கிங் டேப்பை மெல்லிய கீற்றாக வெட்டிப் பீரங்கிக் குழாயில் சுற்றினோம். பழைய படங்களோடு ஒப்பிட்டு நீளத்தையும் பருமனையும் பிடித்து, மேலே புட்டி பூசித் தேய்த்து, ஆலிவ் பச்சை அடித்தோம். கிட் கம்பெனி தராத ஒரு பாகத்துக்கு இவ்வளவுதான் செலவு. டி-55 கிட் வாங்கி இந்திய வண்டி என்று கட்டுகிறவர்கள் பலர் பச்சையை அடித்து மூவர்ணக் கொடியை ஒட்டியதும் முடிந்தது என்று நினைக்கிறார்கள். 1971 வண்டி என்றால் இந்த உருளை வேண்டும்.

அடுத்தது செயின். “இவ்வளவு டைட்டா இருந்தா வண்டி நகராதுடா கண்ணு” என்று பேரனிடம் சொன்னார். டி-55க்குச் செயினை மேலே தாங்கிப் பிடிக்கும் சின்ன உருளைகள் கிடையாது. செயினின் மேல்பகுதி தன் கனத்தாலேயே தொங்கி ரோட் வீல்கள் மேல் படுத்திருக்கும். மாடலில் அது ரப்பர் பேண்ட் போல விறைத்து நின்றது. அச்சை ஒட்டும்போது செயினைத் தளர்த்தி, நடு மூன்று சக்கரங்களின் தலையில் சொட்டுச் சொட்டாகப் பசை வைத்து அழுத்திப் பிடித்தோம். இந்தத் தடவை மின்விசிறி ஓட, ஜன்னல் திறந்து; பிஸ்கட் டின் சமையலறைக்கே போய்விட்டது. இழுப்பு போனதால் இனி அச்சும் ஒடியாது.

கரிசல் மண்ணைப் பார்த்து மட்டும் சிரித்தார். “இது நம்ம தோட்டம்ல?” ஜம்முப் பக்கத்து மண் வெளிறிய வண்டல், கறுப்பாக இருக்காது. ஈரப் பிரஷ்ஷால் கரிசலைக் கழுவி எடுத்துவிட்டு, பஃப், மண் நிறப் பொடிகளைக் கலந்து செயினிலும் கீழ்ப்பகுதியிலும் கொஞ்சமாகத் தேய்த்தோம். எவ்வளவு கொஞ்சம் என்பதில் எனக்கும் பையனுக்கும் வாக்குவாதம் நடந்தது. துருவும் சேறும் இல்லாவிட்டால் மாடலே இல்லை என்று நினைக்கும் வயசு அவனுக்கு. ஓடிக்கொண்டிருக்கிற டாங்கியின் செயினில் துரு நிற்காது, தரையோடு தேய்ந்து மினுங்கும் என்று பெரியவர் சொன்னதும் அடங்கினான். செயின் பற்களின் மேல்பக்கத்தில் பென்சில் கிராஃபைட்டைத் தேய்த்து அந்த மினுக்கைக் கொண்டுவந்தான். அந்த யோசனை அவனுடையதுதான், நன்றாக இருந்தது.

மேல்தளம்

கடைசியாக, புகாருக்குக் காரணமான மேல்தளப் படலம். மழை இல்லாத ஒரு நாள், மதியம். வீட்டுக்குக் கிழக்கே, மேல்காற்று படாத சுவர் ஓரம், ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் படுக்கவைத்து அதற்குள் டாங்கி. ஏர்பிரஷ்ஷில் பெயிண்டே இல்லாமல் ரிடார்டர் கலந்த தின்னரை மட்டும் விட்டு, 15 பிஎஸ்ஐக்குக் குறைவான அழுத்தத்தில், தூரத்திலிருந்து பனி மாதிரி. பரப்பு நனைந்து பளபளக்கும் அளவுக்கு விடக் கூடாது; விட்டால் கிளியரோடு அடியில் இருக்கும் அக்ரிலிக் பச்சையும் இளகிவிடும். நம்பர் ஒட்டிய பக்கத்தில் தின்னர் போகாமல் பையன் ஒரு அட்டைத் துண்டைக் குறுக்கே பிடித்துக்கொண்டான். முதல் பனியிலேயே என்ஜின் தளம் தெளிந்தது. டரட் கூரைக்கு, காயவிட்டு, இன்னொரு தரம் தேவைப்பட்டது. முன்சரிவில் கொக்கி மடிப்பு ஒன்றில் கொஞ்சம் பால்நிறம் மிச்சம் நின்றது. அங்கே வண்ணப் பொடி ஏறியதும் அது தூசியாகவே தெரிகிறது, தொடவில்லை.

மேட் போதவில்லை என்று பையனுக்கு இன்னும் குறை. தின்னர் பட்ட இடங்களில் லேசான மினுக்கு வந்திருக்கிறது, உண்மைதான். ஐப்பசி மழையும் முடிந்து காற்று காய்ந்த பிறகு, தை மாசம், மெல்லிய ஒரு கோட்டு அடித்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குள் ஒரு ஈரப்பதமானி வாங்கிவிடு, 65க்கு மேல் காட்டினால் டப்பாவைக் கையில் எடுக்காதே என்றும் சொன்னேன்.

நான்கில் ஒன்று தீரவில்லை, நம்பர் டெக்கல். மேட் பெயிண்டின் சொரசொரப்பு மேல் ஒட்டியதால் அடியில் காற்று மாட்டிக்கொண்டு வெள்ளியாகத் தெரிகிறது. முதலில் பளபளப்பான கிளியர் அடித்து வழுவழுப்பாக்கி, அதன் மேல் ஒட்டியிருந்தால் இது வந்திருக்காது. கடை டெக்கலாக இருந்தால் ஊசியால் அங்கங்கே குத்தி, டெக்கலைப் பரப்போடு படியவைக்கும் செட்டிங் திரவம் விட்டு உட்கார வைத்திருக்கலாம். இது இங்க்ஜெட் மை. ஊசி ஓட்டை வழியாக ஈரம் போனால் நம்பரே கரைந்து ஓடும். உரித்து எடுத்துப் புதிதாக அச்சடிக்கலாமா என்று பெரியவரிடம் பையன் கேட்டான். “நம்பரு சரியா இருக்குதல்ல, உடு” என்று சொல்லிவிட்டார். அதை அப்படியே விட்டு டாங்கியை அனுப்பிவைத்தேன்.